நுரை அடங்கும் வரை

ஒரே தண்ணீருக்கு இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று வெத்தூரியா எழுதியது. மற்றொன்று நான் எழுதியது. அவள் எண் எப்போதும் என் எண்ணைவிடப் பெரியது, அதிலும் வெள்ள நாட்களில் மூன்று மடங்கு, நான்கு மடங்கு. நாலு வருடமாக எங்கள் நீர்வள அலுவலகப் பதிவேட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருந்தன. அவளுடையது பென்சிலில், என்னுடையது மையில். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ருஸ்னா ஆற்றின் மேல்பகுதியில் ஒரு சரளைக்கல் கம்பெனி கல்லை ஆற்றிலேயே கழுவுகிறது. கீழே வாதுல் நெக்ரு கிராமத்தில் மீன் வளர்க்கிற ஆறேழு குடும்பங்களின் குட்டைகளில் மண் நிறைந்து மீன்கள் செத்தன. அவர்கள் வழக்குப் போட்டபோது வெத்தூரியாவின் பென்சில் எண்களை நகலெடுத்துக் கொடுத்தார்கள். கம்பெனி வக்கீல் ஒல்த்தியான் மை எண்களை எடுத்துக்காட்டினார். நூற்று நாற்பத்து மூன்று வெள்ள நாட்கள், நூற்று நாற்பத்து மூன்றிலும் அந்தப் பெண் கூட்டி எழுதியிருக்கிறாள், இது அரசுப் பதிவேட்டில் பொய் எழுதிய குற்றம் என்று புகார் கொடுத்தார். எங்கள் அலுவலகம் விசாரணை வைத்தது. குற்றம் உறுதியானால் அவள் வேலை போகும், போலீஸ் வழக்கும் வரும்.

வெத்தூரியா ஹன்க் வாதுல் நெக்ரு பாலத்தடியில் ஆற்றுமட்டம் பார்ப்பவள். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இறங்கி அளவுகோலைப் பார்த்து எழுத வேண்டும். கலங்கல் வந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்து, எடை போட்டு எண் குத்திய வடிதாளில் முழுவதையும் வடிகட்டி, தாளை உலர்த்தி, மருந்துக்கடைத் தராசில் நிறுத்து எழுத வேண்டும். இது பழைய முறை. நாலு வருடத்துக்கு முன் இந்த முறையை நிறுத்தி, பாட்டிலை லேபுக்கு அனுப்பினால் போதும் என்று சுற்றறிக்கை வந்தது. ஆற்றுமட்டம் பார்க்கும் மற்றப் பத்து இடங்களிலும் நிறுத்திவிட்டார்கள். இவள் மட்டும் லேபுக்கு ஒரு பாட்டில் அனுப்பிவிட்டு, தனக்கென்று இன்னொரு பாட்டில் வடிகட்டிக்கொண்டே இருந்தாள். வடிதாள் தீர்ந்தால் கடிதம் போட்டுக் கேட்டாள். எங்கள் தலைமைப் பொறியாளர் கொர்னேலியா மேடம், "அனுப்பித் தொலைங்க, அந்தம்மா வாய்க்கு யாரு பதில் சொல்றது" என்பார்.

நான் லேபில் இரவு வேலைக்காரன். வேதியியல் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. பகலில் லாரிகள் போகும்போது எங்கள் தராசின் நாலாவது தசம இலக்கம் நிற்காமல் ஆடும். அதனால் எடை போடுவது இரவில். என் வேலை சுலபம். பாட்டிலைக் குலுக்கு. நூறு மில்லி அளந்து ஊற்று. கண்ணாடி இழைத் தாளில் வடிகட்டு. நூற்றைந்து டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் வை. ஆறவிடு, நிறு, மறுபடி வை, மறுபடி நிறு. இரண்டு எடையும் ஒன்றானால் எழுது. நான் இதைச் சுத்தமாகச் செய்தேன். என் எண்கள் நாலாவது இலக்கம் வரை சரி. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

மே மாதம் மூன்று நாள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு முறைகளையும் எல்லாருக்கும் முன்னால் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று கொர்னேலியா மேடம் முடிவு செய்தார். ஒல்த்தியான் தன் காரிலேயே வந்தார். நான் பாட்டில் பெட்டியோடு மேடத்தின் வண்டியில்.

வெத்தூரியா பாலத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது, ரப்பர் பூட்ஸ், தலையில் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தாள். ஆறு காப்பி நிறத்தில் சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது.

"வாங்க வக்கீல் சார். செருப்பு நல்லா இருக்கே. இதப் போட்டுக்கிட்டா ஆத்துக்கு வந்தீங்க?"

"நான் ஆத்துல இறங்கப் போறதில்லம்மா."

"அதான் தெரியுதே. இறங்கினவங்க இப்படிப் புகார் எழுத மாட்டாங்க."

மேடம் பல்லைக் கடித்தார். "வெத்தூரியா அக்கா, இன்னிக்கு ஒரு நாள் வாய மூடிக்கிட்டு இருங்க."

இரும்புச் சட்டத்தில் இரண்டு பாட்டில்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக் கயிற்றில் இறக்கினோம். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே ஆழத்தில் நிரம்பும். மூன்று முறை இறக்கி மூன்று ஜோடி எடுத்தோம். ஒவ்வொரு ஜோடியிலும் எது அவளுக்கு, எது லேபுக்கு என்பதை ஒல்த்தியானே கைகாட்டினார். அவளுக்கு வந்த பாட்டில்கள் ஒரு நிமிடம்கூட அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை.

வடிகட்டுவது அவள் சமையலறையில். அவ்வளவு கலங்கிய தண்ணீர் தாளில் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். பாட்டிலைக் கவிழ்த்தாள். அடியில் ஒட்டியதைக் கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டு அலசி அதையும் தாளில் ஊற்றினாள். பிறகு மறுபடி அலசினாள். விரலை உள்ளே விட்டுத் துழாவிப் பார்த்தாள். மூன்று மணி நேரம் ஆயிற்று. நடுவில் சோளக்களியும் தயிராடையும் கொடுத்தாள். ஒல்த்தியான் வேண்டாம் என்றார். பிறகு சாப்பிட்டார்.

தாள்களை அடுப்புத் தகரத்தின் மேல் உலர்த்தி, மேடம் கொண்டுவந்த சின்னத் தராசில் நிறுத்தோம். தாளின் எடையைக் கழித்தால் லிட்டருக்கு ஆறு புள்ளி ஒன்று, ஆறு புள்ளி பூஜ்யம், ஆறு புள்ளி நாலு கிராம்.

மறுநாள் காலை என் எண்கள் வந்தன. ஒன்று புள்ளி ஏழு, ஒன்று புள்ளி ஒன்பது, ஒன்று புள்ளி ஆறு.

ஒல்த்தியான் போனில் சிரித்தார். அவள் மண்ணைக் கலக்கவில்லை என்பது அவர் கண்ணாலேயே பார்த்தது. ஆனால் அவருக்கு வேறு பதில் இருந்தது. "ஈரத் தாள நிறுத்திருக்காங்க மேடம். தண்ணி எடையும் சேந்துருச்சு. நாலு வருஷமா இதான் நடந்திருக்கு. பொய்யோ, அறியாமையோ, ரெண்டுல ஒண்ணு. எனக்கு எதுன்னாலும் சரி."

அன்று இரவு அவளுடைய மூன்று தாள்களையும் எங்கள் அடுப்பில் வைத்தேன். ஈரம்தான் காரணம் என்றால் ஒவ்வொரு தாளும் கிட்டத்தட்ட நாலரை கிராம் இளைக்க வேண்டும். புள்ளி இரண்டு கிராம்தான் இளைத்தது. மூன்றாவது தாள் ஆறு புள்ளி நாலில் இருந்து ஆறு புள்ளி இரண்டுக்கு வந்து நின்றது. மறுபடி வைத்தேன். அசையவில்லை.

தாளில் மண் இருந்தது. கண் முன்னால் இருந்தது. அப்படியென்றால் என் பாட்டிலில் இருந்த மண் எங்கே?

நான் முந்தைய நாளே இரண்டு பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தேன். மூன்றாவது மட்டும் தொட்டிப் பக்கத்தில், மிச்சத் தண்ணீரோடு நின்றது. கழுவ எடுத்துச் சாய்த்தேன். அடியில் கரகரவென்று ஏதோ கண்ணாடியில் உரசியது. நாலு வருடமாக ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் பாட்டில் கழுவுகிறேன். அன்றுதான் அது மணல் என்று புரிந்தது.

என் முறையில் என்ன நடந்தது என்று நின்று யோசித்தேன். பாட்டிலைக் குலுக்குவேன். குலுக்கினால் நுரை வரும். நுரையோடு ஊற்றினால் நூறு மில்லிக் கோடு தெரியாது. எனக்குக் கோடு சரியாக இருக்க வேண்டும். அதனால் நுரை அடங்கும் வரை அரை நிமிடம் காத்திருப்பேன். காத்திருந்து ஊற்றுவேன். கோட்டில் ஒரு முடி அளவுகூடப் பிசகாது. அந்த அரை நிமிடத்தில் மணல் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். களிமண் மட்டும் மிதக்கும். அதைத்தான் நாலாவது இலக்கம் வரை நிறுத்தேன். மற்றதைத் தொட்டியில் ஊற்றினேன்.

தண்ணீர் தெளிவாக இருக்கும் நாட்களில் மணல் வராது. அப்போது இரண்டு எண்ணும் ஒத்துப்போகும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

குழாய் பழுதுபார்க்கும் நெலு ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் தொட்டிக் குழாயை அவிழ்த்து ஒரு வாளி மணல் எடுப்பான். "என்னப்பா ஹோரியா, இங்க கடற்கரை வெச்சு நடத்துறியா? அடுத்த தடவ துண்டும் குடையும் கொண்டாரேன்" என்பான். நானும் சிரித்துவிட்டு வாளியை வெளியே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன்.

மூன்றாவது பாட்டிலில் மிச்சமிருந்த முழுவதையும் வடிகட்டினேன். அலசினேன். விரலை விட்டுத் துழாவினேன். உலர்த்தி நிறுத்தேன். ஆறு கிராம். முன்பு நிறுத்த நூறு மில்லியின் புள்ளி ஒன்று ஆறையும் சேர்த்தால் ஆறு புள்ளி ஒன்று ஆறு. அவளுடையது ஆறு புள்ளி இரண்டு. அவள் முறை சரி. நான் தப்பு.

காலையில் கொர்னேலியா மேடத்தின் மேசையில் இரண்டு தாள்களையும் வைத்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பதினொரு இடம்," என்றார். "நாலு வருஷம். எல்லாம் புக்கரெஸ்ட் தலைமை ஆபீசுக்குப் போயாச்சு. ரெண்டு அணைக்கு எவ்வளவு வண்டல் சேரும்னு நம்ம கணக்க வெச்சுத்தான் போட்டிருக்காங்க. எல்லாத்துலயும் கீழ என் கையெழுத்து."

"என் கையெழுத்தும் இருக்கு மேடம்."

"உன் கையெழுத்த யாருடா பாப்பாங்க." கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். "நேத்து ஒல்த்தியான் ஒரு வழி சொன்னார். வெத்தூரியா அக்கா தானா வேலைய விட்டுட்டா புகார வாபஸ் வாங்கிக்கிறாங்களாம். கேஸ் கிடையாது, போலீஸ் கிடையாது. அவங்களுக்கும் ஓய்வுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு."

"அப்ப அவங்க பொய் எழுதினாங்கன்னு ஆயிடுமே."

"யாரும் அப்படி எழுத மாட்டாங்க."

"எழுத வேண்டாம் மேடம். ஊரே சொல்லும்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி, எழுது. எல்லாத்தையும் எழுது. ஆனா ஒண்ணு ஹோரியா, அரையும் குறையுமா எழுதாத. எழுதினா நூத்தி நாப்பத்தி மூணு நாளும் வரிசையா வரணும். அவங்க எண், நம்ம எண், எத்தன மடங்கு. ஒரு ஓட்ட இருந்தாலும் அந்த ஆளு உள்ள பூந்துடுவான்."

நான் அவரைக் கெட்டவராக நினைத்திருந்தேன், ஐந்து நிமிடம். அது என் தப்பு.

ஒரு வாரம் அந்தப் பட்டியலைப் போட்டேன். மடங்கு எண்கள் ஒழுங்காக விழுந்தன. இரண்டரை, மூன்று, மூன்றரை, நாலு. தண்ணீர் எவ்வளவு வேகமோ அவ்வளவு மணல், அவ்வளவு வித்தியாசம். பொய் சொல்பவர்களுக்கு இவ்வளவு ஒழுங்கு வராது. பட்டியலே அவளைக் காப்பாற்றும் என்று தோன்றியது.

பிறகு இரண்டு வருடத்துக்கு முந்தைய செப்டம்பர் வெள்ளத்துக்கு வந்தேன். அந்த ஆற்றில் யாரும் பார்த்த பெரிய வெள்ளம் அதுதான். அவள் எண் பதினொன்று புள்ளி நாலு. என் எண் பூஜ்யம் புள்ளி எட்டு. பதினாலு மடங்கு.

என் பாட்டில் தவறாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பதிவேட்டில் தேடினேன். அந்த நாளுக்கென்று வந்த பாட்டில் கிட்டத்தட்டத் தெளிவாக இருந்தது என்று நானே ஓரத்தில் குறித்திருந்தேன். ஊரையே அடித்துக்கொண்டு போன வெள்ளத்தில் தெளிந்த தண்ணீர் எப்படி வரும்?

வேலை முடிந்ததும் காலைப் பேருந்து பிடித்து வாதுல் நெக்ரு போனேன்.

வெத்தூரியா வாசலில் விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பாவாடையில் துடைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நுரை, மணல், தொட்டி. அவள் கேட்டுக்கொண்டே வந்து விறகின் மேல் உட்கார்ந்தாள்.

"நாலு வருஷமா என் ஆத்தத் தொட்டில ஊத்திருக்க."

"ஆமாக்கா."

"ஒரு தடவகூட அடியில என்ன இருக்குன்னு எட்டிப் பாக்கத் தோணலியாடா?"

"தோணல."

"படிச்சவன்தான?"

"பாதி."

"அதான்," என்றாள். சிரிக்கவில்லை.

பட்டியலைக் கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல் தூரமாகப் பிடித்துப் படித்தாள். செப்டம்பர் வரியில் என் விரல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு ஆற்றுப் பக்கம் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் இறங்கல," என்றாள்.

நான் விறகின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"படி எல்லாம் தண்ணிக்குள்ள. பாலம் ஆடுது. மேல இருந்து கயிறு விடலாம்னு போனேன். நடுவுல ஒரு முழு மரம் வந்து தூண்ல மோதுச்சு. ஓடி வந்துட்டேன். அப்புறம் போக முடியல. கால் வரல. ஜன்னல்ல நின்னு பாத்தேன். நிறத்தப் பாத்தேன். ஒம்போதுக்கு மேலதான் இருக்கும்னு தெரியும், இத்தன வருஷம் பாத்த கண்ணு. பதினொண்ணு புள்ளி நாலுன்னு எழுதினேன். அந்தப் புள்ளி நால எதுக்கு எழுதினேன்னு கேளு. அளந்த மாதிரி இருக்கணும்னு."

"பாட்டில்?"

"மூணாம் நாள், தண்ணி வடிஞ்சப்புறம் கரையில மொண்டு அனுப்பினேன்."

உள்ளே ரேடியோ ஏதோ பேசிக்கொண்டிருந்தது. நான் வழியில் யோசித்துவைத்ததைச் சொன்னேன். "இத யாரும் கவனிக்க மாட்டாங்க அக்கா. அந்த ஒரு நாளுக்கு லேப் பாட்டில் உடைஞ்சதுன்னு போட்டுடறேன். மிச்சம் நூத்தி நாப்பத்திரெண்டு சரியா இருக்கு. அது போதும்."

"உடைஞ்சுதா?"

"இல்ல."

"அப்ப என்ன மாதிரியே நீயும் எழுதப் போற."

"வேலை போயிடும் அக்கா. கேஸும் வரும்."

"தெரியும். புகார் வந்த நாள்லேர்ந்து அந்த ஒரு நாள்தான் என் நெஞ்சுல நிக்குது. மத்ததுக்கு நான் எவன்கிட்ட வேணும்னாலும் சண்ட போடுவேன். அதுக்கு முடியல." எழுந்து பட்டியலை என் கையில் கொடுத்தாள். "அத அடிச்சிடு. ஏன் அடிச்சன்னும் எழுது. அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடறேன். மத்ததுக்கும் அப்பதான் போட முடியும்."

விசாரணை ஜூன் முதல் வாரத்தில் நடந்தது. நீள மேசை, மூன்று பேர், ஒரு தண்ணீர்க் குடுவை. நான் மணல் தாள்களைக் காட்டினேன். நெலுவை விட்டுத் தொட்டிக் குழாயை மறுபடி அவிழ்த்து எடுத்த மணல் வாளியையும் வைத்தேன். கொர்னேலியா மேடம் எழுந்து, லேப் முறையை வகுத்தது தானே, பொறுப்பும் தன்னுடையது என்றார். யாரும் கேட்காமலே சொன்னார். நூற்று நாற்பத்திரண்டு நாட்களின் எண்கள் சரி என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள். பென்சில் எண்களை மையில் எழுத உத்தரவு ஆயிற்று. ஒல்த்தியான் குறிப்பு எடுத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு வெத்தூரியா எழுந்து செப்டம்பரைச் சொன்னாள். என்னிடம் சொன்ன அதே சொற்களில், மரம் மோதியதையும் கால் வராததையும் சொன்னாள். மன்னிப்புக் கேட்கவில்லை.

மேசையின் நடுவில் இருந்த மனிதர் பேனாவை மூடினார். "நீங்களா ஏம்மா சொன்னீங்க? நாங்க கேக்கவே இல்லையே."

"நீங்க கேக்கத் தெரியாதவங்க. நான் என்ன பண்றது."

முடிவு பத்து நாளில் தபாலில் வந்தது. தெரிந்தே பொய்யான அளவை எழுதியதாக அவள் தன் வாயாலேயே ஒத்துக்கொண்டதால் பணிநீக்கம். போலீஸ் புகார் தேவையில்லை என்று கடைசி வரியில் கருணையாக எழுதியிருந்தார்கள். கொர்னேலியா மேடத்துக்கு எச்சரிக்கை. எனக்கும் எழுத்துமூலம் ஒரு கண்டனமும், இனி முழுப் பாட்டிலையும் வடிகட்ட வேண்டும் என்ற புதிய நடைமுறைத் தாளும். நாலு வருடம் பதினொரு இடத்து மண்ணைத் தொட்டியில் ஊற்றியவனுக்கு வேலை இருந்தது. ஒரு நாள் பயந்தவளுக்கு இல்லை. இரண்டுக்கும் சட்டத்தில் வேறு வேறு பெயர் என்று மேடம் விளக்கினார். விளக்கம் சரியாகத்தான் இருந்தது.

மீன்காரர்களின் வழக்கில் நூற்று நாற்பத்திரண்டு எண்களும் ஏற்கப்பட்டன என்று கேள்விப்பட்டேன். கம்பெனி இப்போது கல்லைத் தொட்டி கட்டிக் கழுவுகிறது. வெத்தூரியா பாலத்தடிப் படிக் கதவின் சாவியையும் மிச்ச வடிதாள் கட்டையும் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினாள். கட்டில் தாள்கள் எண் வரிசைப்படி இருந்தன.

ஜூன் கடைசியில் மறுபடி மழை வந்தது. பத்து இடங்களில் இருந்து பாட்டில்கள் வந்தன. ஒவ்வொன்றையும் முழுசாகக் கவிழ்த்து, அலசி, விரலை விட்டுத் துழாவி வடிகட்டினேன். எல்லாவற்றிலும் மணல் இருந்தது. வாதுல் நெக்ருவுக்கு இன்னும் ஆள் போடவில்லை. பதிவேட்டில் அந்த வரிக்கு வந்ததும் இரண்டு கட்டங்களிலும் கோடு போட்டேன்.